நரம்பு என்னும் ஒரு சொல்

திருமலைராயன்பட்டினம் என்றவுடன் தமிழ் பயில்வார் நினைவிற்கு முதற்கண் வருபவர் காளமேகப் புலவரே. காரைக்காலை அடுத்த அக்கடற்கரையூரில், திருமலைராயன் அவைக்களத்தே அவர் அதிமதுர கவிராயரோடு வாதிட்டதும், வெகுண்டு மண்மாரி பொழியப் பாடியதும் கர்ணபரம்பரையாய் வழங்குவன. ஒரு சொல்லால் இருபொருள் உணர்த்தும் சிலேடையில் அவர் பெரும்பெயர் பெற்றவர். சொல்லொன்று பலபொருள் படுதல் பாட்டிற்கு அணியாம். ஆயின் மருத்துவத்தில் அதுவே பிணியாய் முடிதலை அவ்வூரிலேயே யாம் கண்டோம். அதனை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

யாம் குறிக்கும் சொல் 'நரம்பு' என்பது. பழந்தமிழ் நூல்களில் யாழின் தந்திக்கு அது பெயர். இலையில் ஓடும் கோடும் நரம்பே. புறங்கையில் பச்சையாய்ப் புடைத்துத் தோன்றும் குருதிக்குழாயை நம் வீட்டார் நரம்பென்பர், அது சிரை. குதிகாலின் மேலே கயிறுபோல் விறைத்து நிற்பதனையும் நரம்பென்பர். அது தசையை எலும்போடு பிணிக்கும் தசைநாண். சிரையில் ஏற்றும் மருந்திற்கு 'நரம்பூசி' என்று பெயர். உண்மை நரம்போ எவர் கண்ணிற்கும் புலனாகாது தசைகளினூடே மறைந்து கிடக்கின்றது.

நிற்க. அந்நரம்பின் தொழில்தான் யாது? மூளையினின்று 12 இணையும், தண்டுவடத்தினின்று 31 இணையுமாகப் புறப்படும் நரம்புகள் கிளைத்துக் கிளைத்து உடலெங்கும் பரவுகின்றன. கண், காது, மூக்கு, நாக்கு, தோல் என்னும் ஐம்பொறிகளும் வாயில்களேயன்றித் தாமே அறிவன அல்ல. பார்வை நரம்பு கெடின், பழுதற்ற கண்ணும் குருடே. கல்லில் கால் இடறியவுடன் இடித்தது தெரிகின்றது; நோவு சற்றுப் பின்னரே பெருகுகின்றது. இஃது எதனால் எனின், தொடுதலை உணர்த்தும் தடித்த இழைகளில் செய்தி நொடிக்கு 30 மீட்டருக்கு மேலும் விரைய, மந்தமாய்த் தொடரும் நோவை உணர்த்தும் மெல்லிழைகளில் அது ஏறத்தாழ ஒரு மீட்டர் அளவே செல்லும் என்க. அந்நோவினை நாம் வெறுக்கின்றோம். எனினும் உடற்கு அதனினும் சிறந்த காவலன் பிறிதில்லை. இதனை யாம் உணர்ந்தது நூலினால் அன்று.

பட்டினச்சேரி மீனவக் குடியிருப்பில் யாம் 'பெரியப்பா' என்றழைக்கும் முதியவர் ஒருவர் உளர். பல்லாண்டுகளாக நீரிழிவுடையவர். கால்விரல்கள் மரத்துப்போகவே, மருத்துவசாலை ஒன்றிற்குச் சென்றார். அங்குள்ளோர் ஆங்கிலத்தில் ஒரு பெயரைச் சீட்டில் எழுதி, "நரம்பு கெட்டுப்போயிற்று" என்று கூறி மாத்திரை கொடுத்தனுப்பினர். அவர் அறிந்த நரம்பு பாதத்தின் மேல் பச்சையாய்த் தெரிவதன்றோ? அதன்மேல் எண்ணெய் தேய்த்து, மணலை வறுத்து மூட்டை கட்டி ஒத்தடம் கொடுத்துக்கொண்டார். சூட்டை உணர்த்தவேண்டிய நரம்பே கெட்டிருந்தமையின் சுட்டது தெரியவில்லை. மறுநாள் கொப்புளம், பின்னர்ப் புண், முடிவில் இருவிரல்களை அறுத்தெடுக்க நேர்ந்தது. யாம் காணச் சென்றபோது அவர் கேட்டது ஒன்றே: "நரம்பு கெட்டதென்றார்கள், நரம்புக்குத்தானே தம்பி ஒத்தடம் கொடுத்தேன்?"

எம்மால் மறுமொழி கூற இயலவில்லை. நீரிழிவு மிக நீண்ட நரம்பிழைகளையே முதலில் தாக்கும். இடுப்பினின்று கால்விரல்வரை செல்லும் இழைகள் அத்தகையன. ஆதலின் உணர்ச்சி விரல்நுனியில் முதற்கண் மறைகின்றது. இவ்வளவையும் அவர் மொழியிலேயே கூறியிருப்பின் அவருக்கு விளங்காதோ? 'மரத்தல்' என்னும் சொல் மரம்போல் ஆதலைக் குறிக்கின்றது. தொல்காப்பியரோ புல்லையும் மரத்தையும் தொட்டால் அறியும் ஓரறிவுயிர் என வகுத்தார். அங்ஙனமாயின், மரத்துப்போன கால் மரத்திற்குள்ள அவ்வோரறிவையும் இழந்ததாம். ஆதலின் அதற்குக் கண்ணே காவலாதல் வேண்டும். இதனை எந்த மீனவர்தாம் உணரார்?

தமிழில் இதற்குச் சொற்கள் இல்லை என்பார் உளர். அக்கூற்றிற்கு விடை ஒரு நூற்றாண்டிற்கு முன்னரே யாழ்ப்பாணத்தில் அளிக்கப்பட்டது. அமெரிக்க மிஷனைச் சார்ந்த டாக்டர் சாமுவேல் கிறீன் 1847-ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்து, மானிப்பாயில் மருத்துவம் புரிந்து, முதலில் ஆங்கிலத்திலும் பின்னர்த் தமிழிலுமாக மாணாக்கரைப் பயிற்றினார். ஆங்கிலத்தில் பயின்றவர் அரசாங்க வேலையை நாடிப் பிறவூர்களுக்கு ஏகுவதையும், தமிழில் பயின்றவர் தம்மூர் மக்களிடையே தங்கக்கூடும் என்பதையும் அவர் கருதினார். அவர் முயற்சியால் 1872-இல் 'மனுஷ அங்காதிபாதம்' என்னும் உடற்கூற்று நூலும், 1883-இல் 'மனுஷ சுகரணம்' என்னும் உடற்றொழில் நூலும் வெளிவந்தன. பின்னது வெளிவந்தபோது அவர் தம் தாய்நாடு திரும்பிப் பத்தாண்டாகியிருந்தது. அங்கிருந்தும் அவர் தமிழ்ப்பணியை விட்டாரல்லர்.

அவர் வழங்கிய சொற்களுள் பல இன்று வழக்கொழிந்தன. வடமொழிச் செறிவால் அவை மக்கள் நாவில் நின்றில. ஆயினும் இன்று நம் பள்ளிப் புத்தகங்களில் தமனி, சிரை, தசைநாண், தண்டுவடம் என்னும் சொற்கள் உள்ளன. யாமும் அவற்றை மனனஞ்செய்து மதிப்பெண் பெற்றோம். தேர்வு முடிந்த அன்றே மறந்தோம். பெரியப்பா வீட்டுத் திண்ணையில் எத்தனையோ மாலைகள் அமர்ந்திருந்தும், சிரை வேறு நரம்பு வேறு என்று ஒருநாளும் அவரிடம் கூறினோமில்லை. ஆகவே குறை மொழியினதன்று, மருத்துவருடையது மட்டுமன்று, கற்ற எம்முடையதுமாம்.

மருத்துவர் ஆங்கிலத்தைக் கைவிடவேண்டும் என யாம் கூறவில்லை. உலக நூல்களைக் கற்க அம்மொழி வேண்டும். ஆனால் நோயாளியை நோக்கி வாய் திறக்குங்கால், அவன் அறிந்த சொல்லைக்கொண்டு அவன் அறியாததை விளக்குதல் அவர் கல்வியின் ஒரு பகுதியாதல் வேண்டும். தமிழ் மாணாக்கராகிய நாமும் விடுமுறையில் ஊர் செல்லுங்கால், கால் மரத்தவர் வெறுங்காலோடு நடவாமை, ஒத்தடம் தவிர்த்தல், நாள்தோறும் உள்ளங்காலை நோக்குதல் ஆகிய மூன்றையேனும் திண்ணைதோறும் கூறலாம். சிலேடையின் நயம் உரைக்க வல்லோமாகிய நமக்கு, ஒரு சொல்லின் மயக்கம் நீக்குதலும் கடனே.

நம் ஆண்டவர் செவிடனும் திக்குவாயனுமான ஒருவனைக் குணமாக்கியதை மாற்கு எழுதிய சுவிசேஷத்தில் வாசிக்கின்றோம். அவர் அவனைத் தனியே அழைத்து, காதையும் நாவையும் தொட்டு, அவ்வூரார் பேசும் மொழியிலே ஒரு சொல் உரைத்தார். கிரேக்கத்தில் எழுதிய சுவிசேஷகரும் அச்சொல்லை அவ்வண்ணமே காத்து வைத்தார். குணமாக்கும் சொல் கேட்பவன் மொழியிலேயே வந்தது என்பதை நாம் மறவாதிருப்போமாக.