தொடாமல் அளப்பவர்கள்

“பௌதிகம் படித்து என்ன வேலை கிடைக்கும்?” தாம்பரத்திலும் குரோம்பேட்டையிலும் பல வீடுகளில் எழும் கேள்வி இது.

தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் பௌதிகம் படித்தவர்தான் அணு விஞ்ஞானி ராஜா ராமண்ணா. பிறகு லண்டனில் டாக்டர் பட்டம் பெற்றார். இந்தூரில் உள்ள ஆராய்ச்சி நிலையத்துக்கு 2005-ல் அவர் பெயரைச் சூட்டினார்கள்.

அங்கே ‘இண்டஸ்-2’ என்ற பிரம்மாண்டமான யந்திரம் இருக்கிறது. காற்றை அகற்றிய வட்டக் குழாய். சுற்றளவு 172 மீட்டர். அதற்குள் எலெக்ட்ரான் கற்றை ஒரு வினாடியில் 17 லட்சம் தடவை சுற்றுகிறது! வழி தவறினால் குழாயில் மோதி அழிந்துவிடும். குறுக்கே எதையாவது நீட்டி அளந்தாலோ, கற்றையே கெட்டுவிடும்.

ஆகவே குழாய்ச் சுவரில் நாலு உலோகப் பொத்தான்களைப் பதிக்கிறார்கள். கற்றை எந்தப் பொத்தானை நெருங்குகிறதோ, அதில் மின்துடிப்பு கூடும். நான்கையும் ஒப்பிட்டால் கற்றை போகும் இடம் தெரியும். தலைமுடிப் பருமனைவிடச் சிறிய விலகலும் தப்பாது.

இந்த அளவைக் கூர்மையாக்கவே பல வருஷம் உழைத்து டாக்டர் பட்டம் வாங்குகிறார்கள். அளவெடுக்க ஒரு பட்டமா என்று சிரிக்க வேண்டாம். தையற்காரர் அளவு தப்பினால் ஒரு சட்டைதான் பாழ். இங்கே தப்பினால், கற்றை தரும் எக்ஸ்-ரே ஒளியை நம்பிக் காத்திருக்கும் அத்தனை பேர் ஆராய்ச்சியும் பாழ்!

வேலைகளை எண்ணிப் பார்க்கும் பெற்றோர் இதையும் ஒரு வேலையாகச் சேர்த்துக்கொள்ளட்டும். மகனுக்கு மட்டுமல்ல, மகளுக்கும்.