தயிர்ப் புளிப்பும் இதயக் கம்பியும்

தயிர் புளித்துப் போனால் உங்களுக்கு மோர்க்குழம்பு ஞாபகம் வரும், இல்லையா? அந்தப் புளிப்பைத் தருவது லாக்டிக் அமிலம். அதையே சங்கிலி போலக் கோத்தால் ஒருவகைப் பிளாஸ்டிக் கிடைக்கிறது. உடம்புக்குள் வைத்தால், சிறுகச் சிறுகக் கரைந்து மறுபடி அமிலமாகி, கடைசியில் தண்ணீரும் கரியமில வாயுவுமாக மறைந்துவிடும். ஆபரேஷனுக்குப் பின் பிரிக்க வேண்டாத தையல் போடுகிறார்களே, அந்த நூலில் ஒருவகை இந்த இனத்தைச் சேர்ந்ததுதான்.

இதற்கும் இதயத்துக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? சொல்கிறேன்.

இதயத்தின் ரத்தக் குழாய் அடைத்துக்கொண்டு நேரமானால் தசை செத்துப் போகும். செத்த தசை திரும்ப முளைக்காது. ஆகவே பலூனால் குழாயை விரித்து, 'ஸ்டென்ட்' என்ற கம்பி வலையைப் பொருத்துகிறார்கள். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் தண்டலத்தில் உள்ள மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலும் இன்று இந்தச் சிகிச்சை உண்டு.

ஆனால் கம்பியைச் சுற்றிச் சதை வளர்ந்து குழாய் மறுபடி குறுகலாம். அதைத் தடுக்கக் கம்பியின் மேல் 'ஸிரோலிமஸ்' போன்ற மருந்தைப் பூசுகிறார்கள். ஈஸ்டர் தீவின் மண்ணில் கிடைத்த நுண்ணுயிரிலிருந்து அதைப் பிரித்தெடுத்த விஞ்ஞானி, காசி ஹிந்து சர்வகலாசாலையில் படித்த சுரேந்திரநாத் ஸேகல். மருந்து ரத்தத்தோடு ஒரேயடியாகப் போய்விடாமல், பிடித்து வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவதுதான் நம் தயிர்ப் புளிப்புப் பூச்சின் வேலை. வேலை முடிந்த சில மாதங்களில் பூச்சும் கரைந்துவிடும். கம்பி மட்டும் தங்கும்.

சூரத்தில் தயாராகும் 'ஸுப்ராஃப்ளெக்ஸ்' இவ்வகைதான். ஐரோப்பாவில் 1,435 நோயாளிகளைக் கொண்டு அதை ஓர் அயல்நாட்டு ஸ்டென்ட்டுடன் ஒப்பிட்டார்கள். ஓராண்டு பார்த்ததில் நம்முடையது சளைத்ததல்ல என்று 2019-ல் தெரிந்தது. லட்ச ரூபாய்க்கு மேலும் விற்றுவந்த மருந்து ஸ்டென்ட்டுக்கு 2017 பிப்ரவரியில் மத்திய அரசு 29,600 ரூபாய் என்று உச்சவிலை விதித்ததும் நினைவிருக்கலாம்.

கம்பி வைத்தாயிற்று, வலி போயிற்று என்று மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்! ஆஸ்பிரினும் அதன் ஜோடி மாத்திரையும், கம்பியில் ரத்தம் உறையாமல் காப்பவை. அவற்றை நடுவில் விட்டால் புதுக் கம்பியே அடைத்து உயிருக்கு ஆபத்தாகலாம். பல் பிடுங்குவதற்குக்கூட முதலில் இதய டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கணவருக்கு வேளை தவறாமல் மாத்திரை எடுத்துக் கொடுத்துவிட்டுத் தம்முடையதை மறந்துபோகும் சகோதரிகளுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.