வெட்டுவதற்கு முந்திய வேலை

படத்தொகுப்பு என்றால் வெட்டுவதும் ஒட்டுவதுமான கலை என்றே பொதுஜனங்கள் கருதுகிறார்கள். அதைக் கற்க வருகிற இளைஞர்களும், கம்ப்யூட்டரில் மென்பொருளைத் திறந்த மாத்திரத்தில் டைம்லைனில் ஒரு காட்சியை இழுத்துப் போட்டு, அதன் தலையையும் வாலையும் நறுக்கி, பின்னணியில் ஒரு பாட்டைச் சேர்த்துவிட்டால் தொழிலில் பிரவேசித்துவிட்டதாக எண்ணிக்கொள்கிறார்கள். ஆனால் எடுத்துவந்த படத்தையெல்லாம் பார்த்து, பிரித்து, பெயரிட்டு, அடுக்கி வைப்பதாகிய ஒரு காரியம் வெட்டுவதற்கு முன்னால் இருக்கிறது. படத்தொகுப்பின் பாதி ஞானம் அந்தக் காரியத்திலேயே கிட்டிவிடுகிறது என்பது என்னுடைய திடமான அபிப்பிராயம்.

பிலிம் காலத்தில் இந்த ஒழுங்கு ஒருவருடைய இஷ்டத்தைப் பொறுத்ததாக இருக்கவில்லை. பிலிமே அதை வற்புறுத்தியது. 35 மில்லிமீட்டர் பிலிமில் அடிக்கு 16 பிரேம்கள். ஆயிரம் அடிச் சுருள் ஒன்று சுமார் 11 நிமிஷங்களில் ஓடி முடிந்துவிடும். ஆகவே சாதாரணமான ஒரு படத்துக்குக்கூடச் சுருள்கள் அறையை நிறைத்துவிடும். பிலிமின் ஓரத்தில் அச்சாகியிருக்கும் எண்களை நோட்டுப் புத்தகத்தில் பதிந்து, கிளாப் பலகை மோதுகிற பிரேமையும் அந்த ஓசையையும் ஒன்றோடொன்று பொருத்தி, வெட்டிய துண்டுகளைக் காட்சி, ஷாட், டேக் என்ற எண் வரிசைப்படி, துணிப்பை விரித்த தொட்டிக்கு மேலுள்ள ஊசிகளில் தொங்கவிடுவது உதவியாளரின் அன்றாட நியமம். அதில் பிசகினால் தொகுப்பாளர் கேட்ட துண்டு கைக்கு வராது; அது வரும்வரை வேலையும் நகராது. பிரான்சிஸ் போர்ட் கப்போலாவின் 'அபோகலிப்ஸ் நவ்' (1979) படத்துக்கு எடுக்கப்பட்ட பிலிம் சுமார் பன்னிரண்டரை லட்சம் அடி, அதாவது 230 மணி நேரத்துக்கு மேல் ஓடக்கூடியது என்று அதன் தொகுப்பாளர்களில் ஒருவரான வால்டர் மர்ச் எழுதியிருக்கிறார். அதை இரண்டரை மணி நேரத்துக்குள் அடக்கியவர்களின் மேதாவிலாசத்தை வியக்கிற நாம், அத்தனை அடியிலும் எந்த அடி எங்கே இருக்கிறது என்று கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கும்படி வைத்திருந்த உதவியாளர்களையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

1989இல் கம்ப்யூட்டரில் தொகுப்பதற்கான அவிட் வந்தது. 1991இல் பிரீமியர் வந்தது. கமல்ஹாசனின் 'மகாநதி' (1994) அவிட்டைப் பயன்படுத்திய முதல் இந்தியப் படம் என்று சொல்லப்படுகிறது. புதிய யந்திரம் பழைய அறையின் பழக்கங்களை மதித்தது. துண்டுகளைத் தொங்கவிட்ட, 'பின்' (bin) எனப்பட்ட தொட்டி, அதே பெயருடன் திரைக்குள் இடம்பெற்றது. ஆனால் பழைய நிர்ப்பந்தம் மட்டும் மறைந்துவிட்டது. எதை எங்கே போட்டாலும் கம்ப்யூட்டர் ஏற்றுக்கொள்கிறது. டெஸ்க்டாப்பில் பாதியும், பென்டிரைவில் கொஞ்சமும், வாட்ஸ்அப்பில் வந்த பாட்டு டவுன்லோட்ஸ் ஃபோல்டரிலுமாகச் சிதறிக் கிடந்தாலும் அன்றைக்கு வேலை நடந்துவிடுகிறது. அதன் பலன் பல நாள் கழித்தே தெரிகிறது.

அது ஏன் என்பதைச் சற்று விஸ்தாரமாகவே சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இந்தத் தொழிலில் நேரும் சங்கடங்களில் பெரும்பாலானவற்றுக்கு மூலம் இதுதான். நாம் 'ப்ராஜெக்ட்' என்று சேமிக்கிற கோப்புக்குள் படம் ஒரு பிரேம்கூட இருப்பதில்லை. இன்ன டிஸ்கில், இன்ன ஃபோல்டரில், இன்ன பெயருள்ள கோப்பில், இன்ன பிரேமிலிருந்து இன்ன பிரேம்வரை காட்டு என்ற குறிப்புகளே அதில் இருக்கின்றன. அது ஒரு விலாசப் புத்தகம். ஆதலால்தான் பல மணி நேரப் படத்தைக் கையாளும் ப்ராஜெக்ட் கோப்பு சில எம்பி அளவோடு நின்றுவிடுகிறது. எத்தனை முறை வெட்டினாலும் மூலப்படத்துக்குக் காயம் உண்டாவதில்லை. ஆனால் அதே காரணத்தால், பாதி வேலையில் எவரேனும் ஒருவர் ஃபோல்டரின் பெயரை மாற்றிவிட்டாலோ, கோப்பை வேறு டிஸ்குக்கு நகர்த்திவிட்டாலோ, விலாசத்துக்குரியவர் குடிபெயர்ந்துவிட்டார் என்றாகி, டைம்லைன் முழுதும் 'மீடியா ஆஃப்லைன்' என்ற அறிவிப்பு நிறைந்துவிடுகிறது. தொலைந்த கோப்பைத் தேடிப் பிடித்து மறுபடி இணைக்கலாமே என்பீர்கள். இங்கேதான் காமிராவின் பெயரிடும் முறை குறுக்கே வருகிறது. கார்டைத் துடைத்தாலோ மாற்றினாலோ எண்ணிக்கையை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும்படி அமைக்கப்பட்ட காமிராக்கள் உண்டு. அவ்விதமான இரண்டு காமிராக்கள் ஓடிய ஒரு கல்யாணத்தில், நிச்சயதார்த்தத்திலும் 'சி0001', முகூர்த்தத்திலும் 'சி0001' என்று ஒரே பெயரில் பல கோப்புகள் பிறந்துவிடும். இவை ஒரே ஃபோல்டரில் கொட்டப்படும்போது ஒன்றின்மேல் ஒன்று பதிந்து அழிந்துபோகலாம். பெயரை மட்டும் நம்பி இணைக்கும்போது, தாலி கட்டுகிற இடத்தில் மோதிரம் மாற்றுகிற காட்சி வந்து உட்காரலாம். நாள், காமிரா, கார்டு என்று மூன்று படிகளில் ஃபோல்டர் பிரித்து, ஒவ்வொரு கார்டையும் அதன் உள்ளமைப்பு கலையாமல் முழுதாக இறக்கி வைப்பவருக்கு இந்தச் சங்கடம் கிடையாது. இசை, தனியே பதிந்த ஒலி, தலைப்பெழுத்துகள், முடிந்து வெளியே எடுத்த பிரதிகள் ஆகியவற்றுக்கும் தனி இடம் இருக்க வேண்டும். அவை எல்லாம் ஒரே தாய் ஃபோல்டருக்குள் இருக்க வேண்டும்.

பிரேம் வேகத்தையும் ஆரம்பத்திலேயே நிச்சயித்துக்கொள்ள வேண்டும். சினிமாவுக்கு 24, நம் நாட்டுத் தொலைக்காட்சிக்கு 25 என்ற வித்தியாசம் அற்பமாகத் தோன்றலாம். ஆனால் டாவின்சி ரிசால்வ் என்ற தொகுப்பு மென்பொருளில் படம் உள்ளே வந்தபின் அந்த ப்ராஜெக்டின் பிரேம் வேகத்தை மாற்ற இயலாது. கோப்புகளின் கனத்தையும் முன்பே எண்ணிப் பார்க்க வேண்டும்: 4கே அளவில் ப்ரோரெஸ் 422 எச்க்யூ என்ற வடிவத்தில் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 300 ஜிபிக்கு மேல் ஆகிறது. எளிய கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் ப்ராக்ஸி எனப்படும் சிறு பிரதிகளைத் தயார் செய்துகொண்டு வேலையைத் தொடங்குவது உத்தமம்.

இவையெல்லாம் பாதுகாப்புக்கான விஷயங்கள். அடுக்குவதில் நான் காணும் பெருமை வேறு. ஒரு ஷாட்டுக்குப் பெயர் வைக்க வேண்டுமானால் அதைப் பார்த்தாக வேண்டும். 'பாட்டி, ஜன்னல், மௌனம்' என்று ஒரு குறிப்பு எழுத வேண்டுமானால், அந்த மௌனத்தை முழுதும் உட்கார்ந்து கவனித்தாக வேண்டும். டைரக்டர் 'சரி' என்று சொன்ன டேக்குக்கும் 'கட்' என்று சொன்ன பிறகு காமிரா ஓடிய சில விநாடிகளுக்கும் நடுவில், நடிகரின் முகத்தில் தன்னையறியாமல் வந்துபோன பாவம் ஒன்று எவர் கண்ணிலும் படாமல் கிடக்கும். அதைக் கண்டெடுப்பவர் அடுக்குகிறவரே. 'மேட் மாக்ஸ்: ஃபியூரி ரோட்' (2015) படத்துக்கு எடுக்கப்பட்டது 480 மணி நேரப் படம். அதைத் தொகுத்து ஆஸ்கார் பெற்ற மார்கரெட் சிக்ஸலின் முன்னால் இருந்த மலையை, அவ்வளவையும் பார்த்துப் பிரிக்கும் பொறுமையில்லாத எவரும் கடந்திருக்க முடியாது. பேச்சைத் தானே எழுத்தாக்கி, கேட்ட சொல்லைத் தேடித்தரும் சௌகரியங்கள் இப்பொழுது வந்துவிட்டன; அவை உபகாரமானவையே. ஆனால் தேடுவதற்கு இன்னதென்று ஒன்று முன்பே மனத்தில் இருக்க வேண்டும். எதிர்பாராத ஒன்றைப் பார்வைதான் தருகிறது. ஆகையால் இந்த வேலையைப் புதிதாக வந்த பையனிடம் தள்ளிவிட்டு ஒதுங்குவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. அவன் செய்யட்டும்; அவன் எழுதிய குறிப்புகளைத் தொகுப்பாளர் படிக்கட்டும்; படத்தை முதலில் முழுதாக அறிந்தவன் என்ற மரியாதையையும் டைட்டிலில் ஒரு வரியையும் அவனுக்குக் கொடுக்கட்டும்.

பிரதி எடுத்து வைப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. 1998இல் பிக்ஸார் நிறுவனத்தில் 'டாய் ஸ்டோரி 2' தயாராகிக்கொண்டிருந்தபோது, தவறாக இடப்பட்ட ஒரு கட்டளையால் படத்தின் பெரும்பகுதி அழிந்துபோயிற்று. நம்பியிருந்த மாற்றுப் பிரதியும் சரியாகப் பதிவாகவில்லை. குழந்தை பிறந்திருந்த காரணத்தால் வீட்டிலிருந்தே பணியாற்றிய தொழில்நுட்ப மேற்பார்வையாளர் கேலின் சஸ்மனின் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு பிரதி இருந்தது. அதைக் கொண்டுதான் படத்தை மீட்டார்கள். அத்தனை பெரிய நிறுவனத்தைக் காத்தது தற்செயலாக வேறு இடத்தில் இருந்த ஒரு பிரதி. நம் சிறு ஸ்டூடியோக்களில் அதைத் தற்செயலுக்கு விட்டுவிடலாகாது. மூன்று பிரதிகள், இருவகைச் சாதனங்களில், ஒன்று வேறு கட்டடத்தில் என்பது தொழிலில் வழங்கிவரும் முறை.

இந்த வாரம் படப்பிடிப்புக்குப் போகிற இளம் நண்பர்கள் யாரேனும் இதைப் படித்தால், அவர்களிடம் நான் வேண்டிக்கொள்வது இதுதான்: கார்டில் உள்ளதை இரண்டு டிஸ்குகளில் இறக்கி, இரண்டையும் திறந்து ஓட்டிப் பார்த்த பிறகே அந்தக் கார்டைத் துடையுங்கள்.