காற்றை நம்பிப் படுக்கலாமா?

பொங்கல் விடுமுறை முடிந்த மறு வாரம் பேச்சிப்பாறைப் பக்கம் நண்பரின் ரப்பர் தோட்டத்தில் பேரப்பிள்ளைகளோடு கூடாரம் போட்டுத் தங்கினோம். அந்தக் கதையை எழுதுவதாகப் போன பதிவில் சொல்லியிருந்தேன். உட்கார்ந்து யோசித்தால், அதில் முக்கால் பங்கு ஒரு காற்று மெத்தையின் கதையாகத்தான் இருக்கிறது. அதனால் மெத்தையைப் பற்றியே எழுதிவிடுகிறேன். இப்போது நம் வயதுக்காரர்கள் பலர் பிள்ளைகளின் பேச்சைக் கேட்டுக் காளிகேசம், மூணாறு, கொடைக்கானல் என்று கூடாரத்தோடு கிளம்புகிறார்கள். போகட்டும், நல்லதுதான். ஆனால் எதில் படுக்கப் போகிறோம் என்ற தீர்மானத்தை மட்டும் பிள்ளைகளிடம் விடக் கூடாது என்பது என் கட்சி.

நமக்குக் காற்றில் படுப்பது ஒன்றும் புதிதல்ல. 1974-இல் சென்னைக்கு ஓர் இன்டர்வியூவுக்குப் போனேன். அப்போது நாகர்கோவிலுக்கு ரயில் கிடையாது. திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரிக்கு ரயில் வந்ததே 1979-இல், திருநெல்வேலிப் பாதை திறந்தது 1981-இல். ஆரல்வாய்மொழி, வள்ளியூர் வழியாகப் பஸ்ஸில் திருநெல்வேலி போய் அங்கே ரயிலேற வேண்டும். அப்பா தன்னுடைய ஹோல்டாலைக் கொடுத்துவிட்டார். அதற்குள்ளே ஒரு ஜமுக்காளம், ஒரு போர்வை, ரப்பர் பூசிய துணியில் செய்த ஒரு காற்றுத் தலையணை. வாயால் ஊத வேண்டும். ஊதி முடித்ததும் தலை சுற்றும், வாயெல்லாம் ரப்பர் வாடை. விழுப்புரம் தாண்டும்போது என் தலை பலகையில்தான் கிடந்தது. அந்த அனுபவத்திலிருந்து நான் எதையும் கற்றுக்கொள்ளவில்லை என்பதற்குத்தான் இந்தக் கட்டுரை.

மகன் பெங்களூரிலிருந்து வாங்கிக்கொண்டு வந்தது இரட்டை மெத்தை. ஒன்றரை அடி உயரம், மேலே வெல்வெட் மாதிரி வழவழப்பு, உள்ளேயே மின்சாரப் பம்பு. தோட்டத்து ஷெட்டில் மின் இணைப்பு இருந்தது. பகல் மூன்று மணி வெயிலில், ஷெட் வாசலில் வைத்து நாலே நிமிடத்தில் ஊதி, நாலு பேராகத் தூக்கிக்கொண்டுபோய்க் கூடாரத்துக்குள் வைத்தார்கள். "பாட்டா, ஆச்சிக்கும் உங்களுக்கும் ராஜா கட்டில்!" என்று பேத்தி அதில் குதித்துக் காட்டினாள். என் மனைவிக்கு முதுகெலும்பில் டிஸ்க் தொந்தரவு. மூன்று வருடமாக வீட்டுக் கட்டிலைத் தவிர எங்கேயும் படுக்க மாட்டேன் என்று ஒரு கல்யாணத்துக்குக்கூட வெளியூரில் தங்காதவள். அந்த மெத்தையைக் கையால் அமுக்கிப் பார்த்த பிறகுதான் வருவதற்கே சம்மதித்தாள்.

ராத்திரி ஒரு மணிக்கு மெத்தை தொய்ந்தது. நான் எண்பத்திரண்டு கிலோ, அவள் ஐம்பது. நான் கிடந்த பக்கம் பள்ளமாகி, அவள் என் பக்கமாக உருண்டு வந்தாள். நான் ஒதுங்கிப் படுக்கப் புரண்டால் அவள் அலையில் தூக்கிப் போட்ட வள்ளம் மாதிரி எழும்பி விழுந்தாள். இரண்டரை மணிக்கு எங்கள் இருவர் இடுப்பும் தரையில். பம்பு மெத்தைக்குள்ளே இருக்கிறது, கரண்டு ஷெட்டில் இருக்கிறது, நடுவிலே இருநூறு அடி ரப்பர்க் காடு, காய்ந்த சருகு, இருட்டு. அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. விடியும்வரை உட்கார்ந்தே இருந்தாள். பால்வெட்டுகிறவர்கள் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு வரும்போது எங்களைப் பார்த்து, "என்ன சார், ஒறங்கலியா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அதற்கப்புறம் பத்து நாள் அவளுக்கு முதுகுவலி.

காலையில் மகன் சோப்புத் தண்ணீர் தடவி ஓட்டை தேடினான். ஓட்டையே இல்லை. வால்வு மூடியில் ஒரு மணல் பொடி சிக்கியிருந்தது, அவ்வளவுதான். மீதியைச் செய்தது குளிர். முப்பத்துமூன்று வருடம் பிள்ளைகளுக்குச் சார்லஸ் விதி நடத்தினவன் நான். பகலில் முப்பத்தைந்து டிகிரியில் அடைத்த காற்று, ராத்திரி இருபத்திரண்டு டிகிரிக்கு வந்தால் நூற்றுக்கு நாலு பங்கு சுருங்கும். ஓட்டையே இல்லாமல் மெத்தை தொய்வதற்கு அது போதும். போதாததற்குப் புது பிளாஸ்டிக், பாரம் ஏறினால் முதல் சில நாள் இழுபடும். இதைக் கரும்பலகையில் எழுதத் தெரிந்தது, படுக்கப் போகுமுன் நினைக்கத் தெரியவில்லை.

ஆனால் நான் என்னையே மன்னிக்காததற்குக் காரணம் சார்லஸ் இல்லை. 2017 நவம்பர் 30, ஒக்கிப் புயல். அப்போது அம்மாவுக்கு எண்பத்தெட்டு வயது, படுத்த படுக்கை. படுக்கைப்புண் வராமலிருக்க டாக்டர் சொல்லி ஏர் பெட் போட்டிருந்தோம். அது வேறு சாதனம். வரிசையாகக் காற்றறைகள், ஒரு சிறு பம்பு ஓயாமல் ஓடி ஒன்றுவிட்டு ஒன்றாக அறைகளை நிரப்பும், இறக்கும். உடம்பின் ஒரே இடம் நெடுநேரம் அழுந்தாமல் பார்த்துக்கொள்ளும். அருமையான கண்டுபிடிப்பு, கரண்டு இருக்கும்வரை. அன்று மரமும் கம்பமும் சாய்ந்து கிடந்ததை நீங்கள் எல்லோரும் பார்த்தவர்கள். எங்கள் தெருவுக்கு எட்டு நாள் மின்சாரம் வரவில்லை. குழாயை மடக்கிக் கட்டிப் பார்த்தோம், கொஞ்ச நேரம் தாங்கியது. பிறகு அம்மா கிடந்தது வெறும் பிளாஸ்டிக் விரிப்பில். பரணில் கிடந்த பழைய இலவம்பஞ்சு மெத்தையை இறக்கிப் போட்டு, இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் நானும் மனைவியும் முறைவைத்து அம்மாவைப் புரட்டிப் படுக்க வைத்தோம். எட்டு நாளும். புண் வரவில்லை. அந்த வேலையில் பெரும்பங்கு செய்தவள்தான் அன்றைக்குக் கூடாரத்தில் உட்கார்ந்திருந்தவள். கரண்டை நம்பிய படுக்கையில் அவளைக் கொண்டுபோய்ப் போட்டிருக்கிறேன்.

இலவம்பஞ்சு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பஞ்சின் ஒவ்வொரு இழையும் உள்ளே கூடான ஒரு நுண்ணிய குழாய். அதனால்தான் தண்ணீரில் மிதக்கும். ஒரு காலத்தில் உயிர்காப்புச் சட்டைகளில் அதைத்தான் அடைத்தார்கள். போடிநாயக்கனூர் மெத்தையும் காற்று மெத்தைதான் என்று சொல்லிவிடலாம். கோடிக்கணக்கான அறைகள், ஒன்றில் ஓட்டை விழுந்தால் மற்றதற்குத் தெரியாது. வெயிலில் போட்டால் மறுபடி உப்பிவிடும். கூடாரத்துக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது என்ற ஒரே குறைதான். நம் ஜில்லாவில் வெட்டுகிற ரப்பர் பாலிலிருந்து வருகிற லேடெக்ஸ் மெத்தையும் அப்படித்தான், கிடந்தால் சொர்க்கம், தூக்க ஆள் வேண்டும்.

ஆகவே காற்று மெத்தையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தரையில் வெறும் பாயில் படுத்து எழுந்த இடுப்பு இப்போது நம்மிடம் இல்லை. வாங்கத்தான் வேண்டும். இரட்டை மெத்தை மட்டும் வேண்டவே வேண்டாம். கணவன் மனைவி எவ்வளவு ஒற்றுமையாக இருந்தாலும் தனித்தனி மெத்தை. ஒருவர் புரண்டால் மற்றவர் விழிக்க வேண்டியதில்லை. ஒன்று தொய்ந்தால் இன்னொன்று மிஞ்சும், முதுகுவலிக்காரருக்கு அதைக் கொடுத்துவிடலாம். பம்பு வெளியே இருக்க வேண்டும், கையாலோ காலாலோ அமுக்குவதாக இருக்க வேண்டும். மின்சாரப் பம்பும் இருந்தால் இருக்கட்டும், அதை மட்டும் நம்பி இருக்கக் கூடாது. வால்வு மூடியைக் கடையிலேயே நாலு தரம் திறந்து மூடிப் பாருங்கள். நம் விரலுக்கு அது அடங்க வேண்டும்.

உயரத்தைப் பற்றி எனக்கும் மகனுக்கும் இன்னும் வாக்குவாதம். எழும்ப வசதி என்று அவன் ஒன்றரை அடி என்கிறான். ஆனால் ஓரத்தில் உட்கார்ந்ததும் அந்த ஓரம் அமுங்கி ஆளைச் சரித்துவிடுகிறதே, அந்த உயரத்தால் என்ன பிரயோஜனம்? ஒரு சாண் உயரம் போதும், பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு அதைப் பிடித்து எழும்பலாம். முட்டு அறுவை செய்துகொண்டவர்கள் மெத்தையை மறந்துவிட்டு மடக்குகிற கேன்வாஸ் கட்டில் வாங்குவதுதான் புத்தி.

உள்ளே ஸ்பாஞ்சு வைத்து, வால்வைத் திறந்ததும் தானே காற்றை இழுத்துக்கொள்ளும் மெத்தை ஒன்று உண்டு. 1970-களில் அமெரிக்காவின் சியாட்டிலில், போயிங் கம்பெனியில் வேலை போன பொறியாளர்கள் கொண்டுவந்தது. விலை கூடுதல், கனம் குறைவு. காற்று முழுக்கப் போனாலும் ஸ்பாஞ்சு மிஞ்சும், அதனால் என் ஓட்டு அதற்கு. கொடைக்கானல், மூணாறு போகிறவர்களுக்கும் அதுதான் சரி. வெறும் காற்று மெத்தையில் உள்ளே இருக்கும் காற்று சுழன்று, உடம்புச் சூட்டைத் தரைக்குக் கொண்டுபோய் விட்டுவிடும். எத்தனை கம்பளி போர்த்தினாலும் முதுகு குளிரும். நல்ல மெத்தைகளில் ஆர் மதிப்பு என்று ஓர் எண் போட்டிருப்பார்கள். எண் கூடக் கூட முதுகுக்குச் சூடு. பேச்சிப்பாறைக்கு அந்த எண்ணைப் பார்க்க வேண்டியதில்லை.

பஞ்சர் ஒட்ட சைக்கிள் கடை சொலூஷன் இந்த பிளாஸ்டிக்கில் நிற்காது, மெத்தையோடு வரும் ஒட்டுத் துண்டையே பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். வெல்வெட் பூச்சைச் சுரண்டிவிட்டுத்தான் ஒட்ட வேண்டும். கைக்குழந்தைகளை மட்டும் இந்த மெத்தைகளில் ஒருபோதும் படுக்க வைக்காதீர்கள், முகம் புதைந்தால் திருப்பத் தெரியாது.

கிளம்புவதற்கு முன்னால் வீட்டில் மூன்று இரவு படுத்துப் பார்க்க வேண்டும். முதல் இரவு இழுபடும், அது கணக்கில்லை. ஒருச்சரிந்து படுத்துக்கொண்டு, இடுப்புக்கு நேரே மெத்தைக்கு அடியில் இன்னொருவரைக் கைவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இடுப்பெலும்பு கையில் தட்டுப்பட்டால் காற்று போதாது. கூடாரத்தில் சாயங்காலம் வெயில் இறங்கின பிறகு, படுக்கப் போகும்போது, ஒருதரம் காற்றை நிரப்பிக்கொள்ளுங்கள். அடியில் கண்டிப்பாக ஒரு கோரைப்பாய். குச்சி குத்தாது, ஈரம் ஏறாது. மேலே ஜமுக்காளம், பிளாஸ்டிக்கில் வேர்க்காது.

பங்குனியில் மறுபடி போகலாம் என்று மகன் போன் செய்தான். அவளிடம் கேட்டேன். "இஞ்ச பாருங்க, நீங்க மொதல்ல படுத்துக் காட்டுங்க, பொறவு பாப்போம்" என்றாள். இரண்டு ஒற்றை மெத்தை வந்து சேர்ந்திருக்கிறது. முன்னறையில் விரித்து நேற்று இரண்டாவது இரவு. காலையில் நான் எழும்புமுன் அவள் வந்து என் இடுப்புக்கு அடியில் கைவிட்டுப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் கட்டிலுக்கு அடியில் கிடந்த பத்தமடைப் பாயைத் தட்டி வெயிலில் போட்டிருக்கிறாள்.