பம்பின் விலையும் மின்கட்டணமும்

பம்பு வாங்கக் கடன் கோரும் சிறுதொழில் முனைவோர் பலர், இருப்பவற்றுள் மிகக் குறைந்த விலைப்புள்ளியையே முன்வைக்கின்றனர். என் கருத்தில் இது அரைக் கணக்கே.

மணிக்கு 10 யூனிட் மின்சாரம் கொள்ளும் பம்பு, நாளொன்றுக்கு 10 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் ஓடுவதாகக் கொள்வோம். செலவாவது 30,000 யூனிட். யூனிட்டுக்கு 8 ரூபாய் எனில் 2,40,000 ரூபாய். அதே நீரை 9 யூனிட்டில் ஏற்றும் பம்பு ஆண்டுதோறும் 24,000 ரூபாயை மிச்சப்படுத்தும். கடன் தவணை சில ஆண்டுகளில் முடியும். மின்கட்டணம் பம்பு உள்ளவரை தொடரும்.

2001ஆம் ஆண்டின் எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த எரிசக்தித் திறன் பணியகம், பம்புசெட்டுகளுக்கும் நட்சத்திரக் குறியீடு வகுத்துள்ளது. குளிர்பதனப் பெட்டிக்கு நட்சத்திரம் எண்ணும் நாம் பம்புக்கு எண்ணுவதில்லை! ஆயினும் நட்சத்திரம் மட்டும் போதாது. குறித்த உயரத்துக்குக் குறித்த அளவு நீரை ஏற்றும்போது அளந்த திறனையே அது காட்டும். 'இருக்கட்டும்' என்று தேவைக்கு மிகுந்த குதிரைத்திறனில் வாங்கி, வால்வைப் பாதி மூடி ஓட்டினால், ஐந்து நட்சத்திரப் பம்பும் மின்சாரத்தை வீணாக்கும்.

ஆதலின் நீரின் அளவு, ஏற்றும் உயரம், அந்நிலையில் கொள்ளும் மின்சாரம் ஆகியவற்றை விலைப்புள்ளியிலேயே எழுதித் தருமாறு விற்பனையாளரிடம் கேளுங்கள். கடனைப் பரிந்துரைக்கும் அதிகாரிகளும் அவற்றைக் கேட்டுப் பெறுதல் வேண்டும்.