சுவரே எமன் ஆகலாமா?

லண்டன் கிரென்ஃபெல் அடுக்குமாடிக் கட்டிடம். 24 மாடி. 2017 ஜூன் 14, நள்ளிரவு தாண்டி ஒரு மணி சுமாருக்கு நாலாவது மாடி வீட்டில் ஃபிரிட்ஜ் தீப்பிடித்தது. ஒரு வீட்டோடு அடங்க வேண்டிய தீ! ஆனால் கட்டிடத்தின் வெளிச்சுவரில் பொருத்திய அலுமினியத் தகடு பற்றிக்கொண்டது. தகட்டின் நடுவே இருந்தது பிளாஸ்டிக். மளமளவென்று உச்சிக்கு ஏறிய தீ, 72 உயிர்களைக் குடித்தது.

வெளிச்சுவரையும் சோதிக்கணும் என்று இங்கிலாந்தில் சட்டம் தெளிவானது 2021-ல்தான். அத்தனை சாவும் தவிர்த்திருக்கக் கூடியவை என்று 2024-ல் விசாரணைக் குழு சொன்னது.

இதற்கிடையே, சுவர்ச் சோதனைச் சான்று இல்லாத வீடுகளுக்குப் பல வங்கிகள் கடன் மறுத்தன. விற்கவும் வழியில்லாமல் ஜனங்கள் திண்டாடினார்கள். தகடு விற்றவன் தப்பு, வீடு வாங்கியவன் தலையிலா?

குடியேறும் முன்பே சுவரைச் சோதியுங்கள். செத்த பிறகு சட்டம் எதுக்கு?