பழைய நோட்டுக்கு குறி வைப்பது ஏன்? ஓடும் ரெயிலில் ரூ.5.78 கோடி போன மர்மம் சொல்லும் பாடம்

பணம் என்றால் திருடனுக்கு எல்லாம் ஒன்றுதானே என்று நாம் நினைக்கிறோம். அதுதான் இல்லை. அச்சகத்தில் இருந்து வரும் மொடமொட புது நோட்டைவிட, கசங்கிப்போன அழுக்கு நோட்டுதான் கைதேர்ந்த கொள்ளையனுக்கு இனிக்கும். காரணம், நம்பர்!

நமது நோட்டுகள் நாசிக், தேவாஸ், மைசூரு, சல்போனி ஆகிய 4 ஊர்களில் அச்சாகின்றன. கட்டுக்கு நூறு நோட்டு. அநேகமாக நம்பர் வரிசையாக வரும். எந்த வரிசை எந்தப் பக்கம் போனது என்பதற்கு கணக்கு உண்டு. வழியில் ஒரு பெட்டி மாயமானால் நம்பரை அறிவித்துவிடலாம். மாற்றப் போகிறவன் வசமாக மாட்டுவான்.

பெல்பாஸ்டில் நடந்தது

2004-ம் ஆண்டு டிசம்பரில் வடக்கு அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில் நார்தர்ன் பேங்க் தலைமை அலுவலகத்தில் 2 கோடியே 65 லட்சம் பவுண்டை வேனில் ஏற்றிக்கொண்டு போனது ஒரு கும்பல். அதில் பெரும்பங்கு அந்த வங்கியே வெளியிட்ட நோட்டுகள். புத்தம் புது கட்டுகளும் ஏராளம். வங்கி என்ன செய்தது தெரியுமா? தனது நோட்டுகளைத் திரும்பப் பெற்று, வேறு நிறத்தில் புதிதாக வெளியிட்டது. பழைய நிற நோட்டை கட்டுக்கட்டாக வைத்திருந்தவன் வெளியே எடுக்கவே பயப்பட வேண்டியதாயிற்று.

பழைய நோட்டுக்கு இந்தக் காவல் கிடையாது. பல கை மாறி, பல நம்பர் கலந்து கிடக்கும். 1963 ஆகஸ்டு 8-ந் தேதி இங்கிலாந்தில் பச்சை சிக்னலை மூடி, பேட்டரியில் சிவப்பு விளக்கை எரியவிட்டு தபால் ரெயிலை நிறுத்திய கும்பல் அள்ளியதும் பெரும்பாலும் பழைய நோட்டுகளைத்தான். 26 லட்சம் பவுண்டு! பெரும்பகுதி கடைசி வரை கிடைக்கவே இல்லை.

கூரையில் ஓட்டை

அதே ஆகஸ்டு 8. ஆண்டு 2016. சேலத்தில் இருந்து சென்னை ரிசர்வ் வங்கிக்கு சுமார் ரூ.342 கோடி பழைய நோட்டுகள் 226 மரப்பெட்டிகளில் ரெயிலேறின. சீல் வைத்த வேன். துப்பாக்கி ஏந்திய போலீசாரும் உடன் வந்தனர். ஆனால் அவர்கள் உட்கார்ந்திருந்தது வேறு பெட்டியில். மறுநாள் காலை எழும்பூரில் வேனைத் திறந்தவர்களுக்கு அதிர்ச்சி. உள்ளே வெளிச்சம்! கூரையில் ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை. ரூ.5.78 கோடி மாயம்.

அப்போது அந்த ரெயில் விருத்தாசலம் வரை டீசல் என்ஜினில் ஓடியது. அதற்கு மேல் தலைக்கு மேலே 25 ஆயிரம் வோல்ட் மின்கம்பி. கூரையில் ஏறினால் கருகிப்போவான். ஆகவே சின்னசேலம்-விருத்தாசலம் இடையே கைவரிசை நடந்ததாக போலீசார் முடிவுக்கு வந்தனர். அதாவது, எந்த இடம் வரை கூரையில் ஏறலாம் என்ற கணக்கு கொள்ளையனுக்கு இருந்தது. காவலுக்கு வந்தவர்களுக்கு கதவும் சீலும் மட்டுமே கணக்கு.

2 ஆண்டு கழித்து, 2018 அக்டோபரில்தான் மத்திய பிரதேச கும்பலை சி.பி.சி.ஐ.டி. போலீசார் பிடித்தனர். அதற்குள் இன்னொரு வேடிக்கை. கொள்ளை நடந்து சரியாக 3 மாதத்தில், 2016 நவம்பர் 8-ந் தேதி இரவு 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவிப்பு வந்தது. செலவழிக்காமல் பதுக்கிய 500, 1000 எல்லாம் வெறும் காகிதம்!

யார் காவல்?

திருடன் கையைக் கட்டியது நோட்டு செல்லாமல் போனதுதானே தவிர, நம் காவல் அல்ல. எப்போதும் அப்படி அதிர்ஷ்டம் கைகொடுக்குமா?

புது நோட்டுக்கு நம்பரே பாதி காவல். பழைய நோட்டுக்கு மனிதக் காவல் ஒன்றுதான் காவல். "எப்படியும் அழிக்கப் போகிற அழுக்கு நோட்டுதானே" என்ற மெத்தனம் இங்கேதான் ஆபத்து. ரிசர்வ் வங்கி வாசலைத் தாண்டி, எண்ணி, கிழித்துப் போடும் வரை அது முழு மதிப்புள்ள பணம். காய்கறிக் கடை கல்லாவில் இருந்தும், குமாஸ்தா சம்பளத்தில் இருந்தும் வங்கிக்குப் போய்ச் சேர்ந்த பணம். அதற்குக் காவல் போகிறவர்கள் கதவைப் பார்த்தால் மட்டும் போதாது. நிற்கிற ஸ்டேஷனில் எல்லாம் இறங்கி, ஒரு தடவை கூரையையும் பார்க்க வேண்டும்.